சின்னவள் கேட்ட கம்பைலர்

ஹெந்தளையில் இருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர் போன கிழமை நமது வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டிருந்தார். கறுப்பு நிறம், ரப்பர் பொத்தான்கள், ஒரு அப்பியாசக் கொப்பியின் அளவு. நம் வயதுக்காரர்களுக்கு அதை இன்னதென்று சொல்லத் தேவையில்லை. எண்பதுகளில் ரி.வி.யில் பொருத்தி, கசெற்றில் இருந்து புரோகிராம் ஏற்றிப் பாவித்தோமே, அந்த வீட்டுக் கம்பியூட்டர். யாரோ விற்றதை வாங்கித் துடைத்து மறுபடி வேலை செய்ய வைத்திருக்கிறார். படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: இதற்கு எந்தக் கம்பைலர் போடலாம்?

அறுபது பதில்கள் வந்தன. எல்லாவற்றையும் வாசித்தேன். வேலை வெட்டி இல்லாதவர்கள் எழுதியதை வேலை வெட்டி இல்லாத ஒருத்தி வாசித்தாள். ஒருவர் அந்தச் சின்ன மெஷினில் தான் பெரிய பெரிய காரியங்கள் செய்ததாக எழுதியிருந்தார். இன்னொருவர் இன்றைய பிள்ளைகளுக்கு மூளையைப் பாவிக்கத் தெரியாது என்று கவலைப்பட்டிருந்தார். மன்னிக்க வேண்டும் ஐயாமாரே. உங்களில் முக்கால்வாசிப் பேர் அதில் ஒன்றுமே எழுதவில்லை. கசெற்றைப் போட்டுவிட்டு, கீச்சிடும் சத்தம் முடியும்வரை காத்திருந்து, பிறகு சுட்டுச் சுட்டு விளையாடினீர்கள். எனக்குத் தெரியும். உங்களைப்போல் ஒருவர் எங்கள் வீட்டிலும் இருந்தார்.

அவர் என் அண்ணா. அவரும் கனடாவிலிருந்து பதில் போட்டிருந்தார்: "பாஸ்கல்தான். சந்தேகமே வேண்டாம்." என்னை இந்தக் குழுவில் சேர்த்தவரும் அவர்தான். சேர்க்கும்போது உங்கள் எல்லாருக்கும் என்னை இப்படி அறிமுகப்படுத்தினார்: "என்ர தங்கச்சி. அந்தக் காலத்தில நான் புரோகிராம் எழுதேக்க பக்கத்தில இருந்து பார்த்தவ."

பக்கத்தில் இருந்து பார்த்தவள். சரி, பார்த்ததைச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டாம் மாடியில் இருந்தோம். இப்போது இருக்கும் கரையோர வீதி அப்போது இல்லை. ஒழுங்கை முடிந்தால் தண்டவாளம், தண்டவாளம் முடிந்தால் கடல். உப்புக் காற்று வீட்டுக்குள் வந்து எல்லாவற்றிலும் குந்திக்கொள்ளும். யன்னல் கொழுக்கி, அம்மாவின் தையல் மெஷின், குசினிக் கத்தி எல்லாம் துருப்பிடிக்கும். அந்த வீட்டுக்குத்தான் சித்தப்பா லண்டனிலிருந்து யாரோ ஒருவர் கையில் அந்தக் கம்பியூட்டரைக் கொடுத்துவிட்டிருந்தார்.

சித்தப்பா அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார். அப்பாவின் தம்பி. படிப்பைப் பாதியில் விட்டவர். எங்கள் வீட்டில் அவர் பெயர் வந்தால் அதற்கு முன்னால் ஒரு பெருமூச்சும் வரும். கம்பியூட்டர் வந்த அன்றும் அப்பா, "தான் படிக்கேல்லை, பெறாமக்களாவது படிக்கட்டும் எண்டு நினைச்சிருக்கிறான். நல்லதுதான்," என்றார். அந்த வயதில் எனக்கு அது நியாயமான பேச்சாகவே பட்டது.

கம்பியூட்டர் அண்ணாவுக்கு வந்தது. அண்ணா ஏ.எல். படித்தார், கணிதப் பிரிவு. எனக்குப் பதின்மூன்று வயது, சின்னவள். ஆனால் அண்ணா பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்துவரை ரியூசனில் இருப்பார். ஆறு மணிக்கு அம்மாவுக்கு ரி.வி. வேண்டும். நடுவில் கிடைத்த நேரம் என்னுடையது. மெஷினோடு வந்த புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்தது அந்த வீட்டில் நான் மட்டும்தான். அண்ணா பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு பஸ் ரிக்கெற்றை வைத்து மூடியிருந்தார். அது கடைசிவரை அங்கேயே இருந்தது.

கசெற் பிளேயரின் சத்தத்தைச் சரியான அளவில் வைக்காவிட்டால் ஒன்றும் ஏறாது. அந்த அளவை நான்தான் கண்டுபிடித்து, அம்மாவின் நகப்பூச்சால் குமிழில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். ரயில் போகும்போது ஏற்றக்கூடாது. கட்டிடம் அதிர்ந்தால் பாதியில் நின்றுவிடும். பிளக்கில் துரு ஏறினாலும் நின்றுவிடும். ஒருநாள் ஒழுங்கை முனையில் ரேடியோ திருத்துபவரிடம் மெஷினைக் கொண்டுபோனேன். அவர் முனைகளை முகர்ந்து பார்த்துவிட்டு, "லுணு, நங்கி, லுணு," என்றார். உப்பு, தங்கச்சி, உப்பு. ஸ்பிரிற் தோய்த்த பஞ்சால் துடைக்கச் சொல்லித் தந்தார். என் சின்ன வயதில் எனக்கு உருப்படியாக ஒன்றைச் சொல்லித் தந்த பெரியவர் அவர் ஒருவர்தான். அதற்குக் காசும் வாங்கவில்லை.

நான் எழுதியது ஒரு ரயில். கரையோரத் தண்டவாளம், பக்கத்தில் கடல், கையில் பையோடு தண்டவாளத்தைக் கடக்க நிற்கும் ஒரு பெண். பொத்தானை அமத்தினால் அவள் ஓடுவாள். ரயில் வருமுன் கடந்துவிட வேண்டும். நான் தினமும் யன்னலால் பார்த்ததுதான். ஆனால் கோட்டையிலிருந்து வரும் பின்னேர ரயில் வெள்ளவத்தையைக் கடக்கும் வேகம் வேறு, என் ரயிலின் வேகம் வேறு. என் ரயில் ஊர்ந்தது. அந்தப் பெண் தண்டவாளத்தில் குந்திச் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போகலாம்.

காரணம் எனக்கு விளங்கியது. அந்த மெஷினுக்குள் பேசிக் என்ற பாஷை வாங்கும்போதே இருக்கும். பேசிக்கில் எழுதினால் மெஷின் ஒவ்வொரு வரியையும் ஒவ்வொரு தடவையும் வாசித்து, விளங்கி, பிறகுதான் செய்யும். கம்பைலர் இருந்தால் முழுப் புரோகிராமையும் ஒரே தடவையில் மெஷினின் சொந்தப் பாஷைக்கு மாற்றிவிடும். பிறகு அது பறக்கும். சித்தப்பா அனுப்பியிருந்த ஒரு பழைய சஞ்சிகையில் கம்பைலர்களுக்கென்றே ஒரு பக்கம் விளம்பரம் இருந்தது. அதில் ஒன்று, பேசிக்கில் எழுதியதை அப்படியே எடுத்து வேகமாக்கித் தருவது. முழு எண்கள் மட்டும்தான், தசமம் கிடையாது. ரயிலுக்குத் தசமம் எதற்கு? நான் அந்த விளம்பரத்தைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன்.

அந்த வருடம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பியூட்டர் வகுப்புத் தொடங்கினார்கள். குளிரூட்டிய அறை, ஆளுக்கொரு மெஷின். அப்பா சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொன்னார்: "ரெண்டு பேரையும் அனுப்ப ஏலாது. ஆவணி முடியிறதுக்குள்ள ஆர் வேலை செய்யிற ஒண்டை எழுதிக் காட்டுறியளோ, அவை போகலாம்."

அம்மா சிரித்தார். அண்ணாவும் சிரித்தார். அந்தச் சொல்லை நம்பியது நான் ஒருத்திதான். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் எதையும் அப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை. ரயில் ஓடினால் நான் கொள்ளுப்பிட்டிக்குப் போவேன். கம்பைலர் வந்தால் ரயில் ஓடும்.

கம்பைலர் தெரிவு செய்யும் கூட்டம் ஒரு ஞாயிறு காலை நடந்தது. அப்பா, அண்ணா, அண்ணாவின் ரியூசன் மாஸ்டர் மூவரும் இருந்தார்கள். மாஸ்டர் அதுவரை கம்பியூட்டரைத் தொட்டதில்லை. அன்றும் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். பிறகு சஞ்சிகையை வாங்கி, கலியாணத்துக்கு வந்த சாதகங்களைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு விளம்பரமாகப் பார்த்தார். நான் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"இது என்ன, சி?" என்று அப்பா கேட்டார்.

"அதுதான் பேர்," என்றார் அண்ணா.

"சி எண்டால் மூண்டாம் தரப் பாஸ். எங்கட குடும்பத்தில ஒருத்தரும் சி எடுத்ததில்லை," என்றார் அப்பா. பாதி பகிடி, பாதி உண்மை. சி அதோடு போயிற்று. உங்களில் பலர் பிறகு அதே சி எழுதித்தான் வீடு கட்டினீர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்டரின் விரல் அடுத்ததில் நின்றது. "பாஸ்கல். பாஸ்கல் எண்டால் பௌதிகத்தில அழுத்தத்தின்ர அலகு. ஏ.எல்.லுக்கு வரும். பாடத்திட்டத்தில இருக்கிறதை எடுக்கிறதுதான் எப்பவும் புத்தி."

அப்பா தலையாட்டினார். அண்ணாவும் தலையாட்டினார். கம்பியூட்டர் பாஷைக்கும் அழுத்தத்தின் அலகுக்கும் என்ன உறவு என்று மூன்று ஆண்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கதவோரத்தில் இருந்து, "அதில நான் வட்டம் போட்டது ஒண்டு இருக்கு," என்றேன்.

மாஸ்டர் என் வட்டத்தைப் பார்த்தார். "பேசிக். பேசிக் எண்டால் அடிப்படை, பிள்ளை. அடிப்படையிலேயே நிண்டால் எப்ப மேல போறது?"

அப்பா அதை ரசித்துச் சிரித்தார். மாஸ்டருக்கு இன்னொரு பிஸ்கற் கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். பாஸ்கலில் பிழையில்லை, அது நல்ல பாஷைதான். ஆனால் நல்லதை எடுத்தவர்கள் அது நல்லதென்று தெரிந்து எடுக்கவில்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்பா சித்தப்பாவுக்கு எயார் மெயில் எழுதினார். அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. கெஞ்சிக் கேட்டதால் எனக்கு இரண்டு வரி விட்டார். "சித்தப்பா, எனக்கு பேசிக்கை வேகமாக்கும் கம்பைலர் வேண்டும். ரயில் ஓடவில்லை." அவ்வளவுதான் எழுதினேன். அப்பா அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து ஒட்டினார். நான் அதை வாசித்தேன்: "சின்னவள் சொல்வதைப் பொருட்படுத்தாதே. பாஸ்கல் மட்டும்."

ஆடி மாதக் கடைசியில் கசெற் வந்தது. கொண்டுவந்தவர் லண்டனில் சித்தப்பாவின் அடுத்த தெருவில் இருந்த ஒரு மாமி. ஆவணியில் நடந்த கலியாண வீடொன்றுக்காக மூன்று கிழமை வந்திருந்தார். அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மனிதர்கள் இல்லை, தபால் வண்டிகள். எல்லாருடைய சாமானும் அவர்களுடைய பெட்டிக்குள் இருக்கும். மாமி எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு, சப்பாத்துக்குள் செருகியிருந்த கசெற்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கத்தில் சித்தப்பாவின் எழுத்தில் "பாஸ்கல்" என்றிருந்தது. மறுபக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பிறகு மாமி என்னைப் பார்த்தார். "உமக்கும் ஏதோ சொல்லச் சொன்னவர், பிள்ளை. என்னவோ ஒண்டு. பயணக் களையில மறந்து போனன். ஞாபகம் வரேக்க சொல்லுறன், என்ன?"

"கவனமாப் படிக்கச் சொல்லியிருப்பார். வேறென்ன," என்றார் அம்மா.

"ஓம், அப்பிடித்தான் ஏதோ," என்றார் மாமி. சொக்லேற்றைப் பிரித்தார்கள்.

நான் கேட்டிருக்கலாம். மாமி மூன்று கிழமையில் நாலைந்து தடவை வீட்டுக்கு வந்தார். "என்ன சொல்லச் சொன்னவர், மாமி?" என்று ஒரு தடவை கேட்க எனக்கு என்ன செலவு? நான் கேட்கவில்லை. கேட்டதைத் தராத ஒருவர் எதைச் சொல்லிவிட்டால் எனக்கென்ன என்ற எண்ணம். பெற்றோல் அடிக்கிறவருக்கு ரயில் எங்கே விளங்கப் போகிறது என்றும் நினைத்தேன். அந்த வீட்டில் மற்ற எல்லாரும் அவரைப் பார்த்த பார்வையை நானும் பழகிக்கொண்டேன். அந்தக் கசெற்றை நான் விரலாலும் தொடவில்லை.

அண்ணா தொட்டார். பாஸ்கல் ஏற ஐந்து நிமிடம். ஏறியபின் மெஷினில் மிச்சம் இருக்கும் இடம் ஒரு சின்ன மூலைதான். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் பிழை என்று சொல்லி நின்றுவிடும். அண்ணா மூன்று கிழமை அதோடு மாரடித்து, தன் பெயரைத் திரையில் பத்துத் தடவை எழுதும் புரோகிராம் ஒன்றைச் செய்து முடித்தார். அதிலும் அரைப்புள்ளிகளைச் சரியான இடத்தில் போட்டது யார் என்று நான் சொல்லப் போவதில்லை. பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்று அவரே சொல்லிவிட்டாரே.

மாமி திரும்பிப் போவதற்கு முந்தின ஞாயிறு அப்பா ஒரு முடிவெடுத்தார். நம் குடும்பங்களில் அப்போது கடிதத்துக்குப் பதில் கசெற்றில் பேசி அனுப்புகிற வழக்கம் இருந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கத்தில் அவர்கள் பேசி அனுப்புவார்கள், மறுபக்கத்தில் நாங்கள் பேசித் திருப்பி அனுப்புவோம். தபாலுக்குக் கொடுப்பதைவிட மாமியின் கையில் கொடுப்பது நல்லது. வீட்டில் வெறும் கசெற் இல்லை. அப்பா பாஸ்கல் கசெற்றை எடுத்தார்.

"பாஸ்கல் பக்கத்தை நான் வேற ஒண்டில கொப்பி பண்ணிப் போட்டன்," என்றார் அண்ணா. உண்மைதான், அம்மாவின் பக்திப் பாட்டுக் கசெற் ஒன்றின் மேல். அப்பா மறுபக்கத்தைப் போட்டு அரை நிமிடம் கேட்டார். ஸ்ஸ் என்ற இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"இது வெறும் பக்கம்," என்று சொல்லி முதலுக்குச் சுற்றி, பதிவுப் பொத்தானை அமத்தினார்.

வயதுப்படி பேசினோம். அப்பா தம்பிக்குப் புத்தி சொன்னார். பின்னேர வகுப்பு ஒன்றுக்குப் போய் ஏதாவது படிக்கட்டாம், இன்னும் காலம் போகவில்லையாம். அம்மா யார் யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யார் யாருக்கு விசா வந்தது என்று நெடுநேரம் சொன்னார். அண்ணா இங்கிலீசில் நன்றி சொன்னார். கடைசியில் என் முறை வந்தபோது தேத்தண்ணீர் வந்துவிட்டது. "நீ கதைச்சிட்டு நிப்பாட்டி வை," என்று சொல்லி அப்பா எழும்பிப் போனார். நான் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போனேன்.

அங்கே நான் பேசியதை ஒருவரும் கேட்கவில்லை. பேசி முடித்ததும் பொத்தானை அமத்திவிட்டு, கசெற்றை எடுத்து மாமியின் பையில் போட்டேன்.

ஆவணிக் கடைசியில் அப்பா எங்கள் இருவரையும் எழுதிக் காட்டச் சொன்னார். அண்ணாவின் பெயர் திரையில் பத்துத் தடவை ஒரே வீச்சில் வந்தது. அப்பா கையைத் தட்டினார். "ஒரு செக்கன் எடுக்கேல்லை," என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என் ரயிலைப் பார்த்தார். அது திரையின் இடது மூலையில் இருந்து ஊர்ந்து வந்தது. பாதி வருமுன் அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"இது விளையாட்டுத்தானே, பிள்ளை. அதோட ரயிலும் லேற்."

அண்ணா கொள்ளுப்பிட்டிக்குப் போனார். நாலு மாதத்தில் விட்டுவிட்டார், அறை குளிர் கூடவாம். நான் காலி வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல் நடந்த ரைப்பிங் வகுப்புக்குப் போனேன். அடுத்த மழைக்காலத்தில் உப்பு மெஷினுக்குள் இறங்கி, பாதிப் பொத்தான்கள் வேலை செய்யவில்லை. கொம்பனித்தெருவில் இருந்து ஒருவர் வந்து பழைய சாமானாக வாங்கிப் போனார். என் ரயிலை எழுதிவைத்த கொப்பி எப்போது போனதென்று தெரியவில்லை. பிறகு முப்பத்தொரு வருடம் கொள்ளுப்பிட்டியிலேயே ஒரு கந்தோரில், ஆண்கள் எழுதிக் கொடுத்ததை நான் ரைப் பண்ணினேன். முதலில் ரைப்ரைட்டரில், பிறகு கம்பியூட்டரில். அவர்களுடைய பிழைகளைத் திருத்தியும் கொடுத்தேன். அதையும் ஒருவரும் எழுதுவதாகக் கணக்கில் எடுக்கவில்லை.

அண்ணாவின் கலியாணத்துக்குச் சித்தப்பா வந்தார். தலை நரைத்திருந்தது. நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "பிள்ளை, அந்தக் கசெற் விசயம்," என்று தொடங்கினார்.

"அதெல்லாம் சின்னப் பிள்ளை விசயம், சித்தப்பா. எனக்கு மறந்து போச்சு. ரீயைக் குடியுங்கோ," என்றேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல், கந்தோரில் வருகிறவர்களோடு பேசுகிற குரலில் சொன்னேன். அவர் குடித்தார். அதற்குப் பிறகு நாங்கள் காலநிலையைத் தவிர வேறொன்றும் கதைத்ததில்லை. போன வருடம் அவர் செத்தபோது, அவருடைய மகளுக்கு ஒற்றை வரியில் அனுதாபம் அனுப்பினேன். அதையும் நன்றாக ரைப் பண்ணினேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அந்த மகள் எனக்கு ஒரு ஒலிப்பதிவு அனுப்பினாள். தகப்பனின் பெட்டியில் இருந்த கசெற்றுகளையெல்லாம் கம்பியூட்டரில் ஏற்றியிருக்கிறாள். "அக்கா, அப்பா எல்லாக் கசெற்றையும் திருப்பித் திருப்பிப் பாவிக்கிறவர். இதை மட்டும் அழிக்கேல்லை. மேல உங்களுக்கு எண்டு எழுதிக் கிடக்கு," என்று எழுதியிருந்தாள்.

கேட்டேன். அப்பா புத்தி சொன்னார். அம்மா கலியாணங்களைச் சொன்னார். அண்ணா இங்கிலீசில் நன்றி சொன்னார். பிறகு ஒரு பிள்ளையின் குரல். மூக்கால் பேசுகிற, கேட்கவே எரிச்சல் வருகிற குரல்.

"சித்தப்பா, நான்தான். பாஸ்கல் வந்தது. அது அண்ணாவுக்கு. நான் கேட்டது வரேல்லை. நான் ரெண்டு வரிதான் எழுதினனான். ரெண்டு வரி வாசிக்கவும் உங்களுக்கு நேரமில்லை எண்டு விளங்குது. பறவாயில்லை, உங்களுக்கு அதுகள் விளங்காதுதானே. இனி நான் ஒண்டும் கேக்க மாட்டன். என்ர ரயில் இப்பிடியே ஊரட்டும்."

பின்னால் பின்னேர ரயில் போகும் சத்தம் கேட்கிறது. பொத்தான் அமத்தும் சத்தம். அதற்கு அடுத்த கணமே, கீச்சிடல். உங்களுக்கும் எனக்கும் தெரிந்த அந்தக் கீச்சிடல். ஒரு புரோகிராமின் பின்பாதி. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு அமைதி. பிறகு சித்தப்பா.

"பிள்ளை, நீ கேட்டதை நான் போட்டு விட்டனான். மற்றப் பக்கத்தில, ரெக்கோடரில கசெற்றோட ஓடுற நம்பர் நூற்றைம்பதுக்கு வந்த இடத்தில இருந்து. கொப்பர் கண்டால் பேசுவார் எண்டுதான் முன்னுக்கு வெறுமையா விட்டனான். மாமியிட்டச் சொல்லி விட்டனான், அவ சொல்லேல்லைப் போல. கொப்பரும் கொம்மாவும் கொண்ணனும் கதைச்சு முடிய நூற்றைம்பது வரேல்லை. நீ கதைச்சதுதான் அதுக்கு மேல விழுந்தது." அவர் கொஞ்சம் சிரிக்கிறார். "சரி, அது போகட்டும். இப்ப திருப்பிப் போடுறன். இந்த முறை ஆரும் வந்தால் உன்ர கையிலதான் குடுக்கச் சொல்லுவன். தசமம் போடாத, அது எடுக்காது. முழு எண் மட்டும். ரயிலை ஓட விட்டிட்டு எனக்கு எழுது, எவ்வளவு வேகம் எண்டு."

அதன்பின் முழுக் கீச்சிடல், தொடக்கத்திலிருந்து முடிவுவரை. இங்கே வருகிறவர் யாரும் அவருக்குக் கிடைக்குமுன், மெஷினை விற்றாயிற்று என்று அப்பாவின் கடிதம் போயிருக்க வேண்டும்.

அந்த வீட்டில் எல்லாரையும்விட எனக்குக் கூட விளங்கும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தசமம் எடுக்காது என்று தெரிந்த ஒரு பெரியவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். நான் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்து வாயை அடைத்தேன். அப்பாவையும் மாஸ்டரையும் இவ்வளவு நேரம் ஏசினேனே, அவர்கள் செய்தது அறியாமை. நான் செய்தது இளக்காரம். அதற்கு நான் இப்போது யாரிடமும் மன்னிப்புக் கேட்க முடியாது.

ஹெந்தளை எஞ்சினியருக்கு: எந்தக் கம்பைலர் என்று கேட்டீர்கள். கீழே ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறேன். சித்தப்பாவின் பேச்சு முடிந்த இடத்தில் இருந்து எடுங்கள். சத்தத்தை முக்கால் அளவில் வையுங்கள். மகள் அனுப்பியது சுத்தமாக இருக்கிறது, ஏறும். ரயில் புரோகிராம் எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வரும் ஞாயிறு காலை ஹெந்தளைக்கு வருகிறேன், நானே ரைப் பண்ணுகிறேன். அதுவரை அந்த மெஷினில் ஒருவரும் பாஸ்கலைப் போட்டு வைக்க வேண்டாம்.